ஜன்னலில் மஞ்சள் சாமந்தி

என் கண்ணின் மணி ஜெவ்தெத்துக்கு அம்மா சாதெத்தின் ஸலாம். அந்த ஜெர்மன் குளிர் உன்னைத் தொடாமலிருக்க இறைவனிடம் ஏந்திய கையை இன்னும் இறக்கவில்லை. சொல்வது நான், எழுதுவது உன் சின்னத் தங்கை பெரிஹான். (வாய் அம்மாவுடையது, கை என்னுடையது. பிழை இருந்தால் அது வாய்ப்பிழை.) நாங்களும் நலம் என்று எழுதச் சொல்லத்தான் நினைத்தேன், பொய் நாக்கில் நிற்கவில்லை. போன மாதம் உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாயே என்று மறைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. மருந்து பாதி, அமைதி பாதி, திடுக்கிடும் சத்தமே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றே முற்றத்துப் பாத்தியிலிருந்து மஞ்சள் சாமந்தியைத் தொட்டிக்கு மாற்றித் தெரு ஜன்னலில் வைத்தேன். மஞ்சள் பூ இருந்தால் உள்ளே நோயாளி என்று நம் தெருவில் கழுதைக்குக்கூடத் தெரியுமே. பழைய சாமான் வண்டிக்காரன் கூவாமல் போனான், பையன்கள் பந்தோடு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். (ஸிமித் ரொட்டியிலிருந்து எள் உதிர்ந்தால்கூடக் கேட்டது அண்ணா.) அப்பாவும் கண்ணயர ஆரம்பித்தார்.

அப்போது பார்த்து ஹாஜெர் அம்மாள் சொல்லியனுப்பினாள், வியாழக்கிழமை மகன் கெனானோடு நம் பெரியவள் நெர்மினைப் பெண் கேட்க வருகிறார்களாம். இந்த ஒரு சொல்லுக்காக நெர்மின் எத்தனை நாள் காத்திருந்தாள் என்று உனக்கே தெரியும். எதிர்வீட்டு மக்பூலே ஓடி வந்தாள், கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் சிவப்புப் பூதான் வைக்க வேண்டும், மஞ்சளைக் கண்டால் ரத்தத்திலேயே சீக்கு என்று திரும்பிப் போய்விடுவார்கள் என்று பயமுறுத்தினாள். (அவள் ஜன்னலுக்குப் பூவே வேண்டாம், தலை நீட்டினால் போதும், தெரு காலி.) நானும் மதி கெட்டுச் சாமந்தியை எடுத்துவிட்டுச் சிவப்பு ஜெரேனியப் பூத்தொட்டியை வைத்தேன். மதியத்துக்குள் தெருவே கத்தியது, அப்பாவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. நெர்மின் சிவப்புத் தொட்டியைப் பின்கட்டில் இறக்கிவிட்டு மஞ்சளைத் தூக்கி வந்தாள். உன் வாழ்க்கைடி அது என்று கையைப் பிடித்தேன். "ஜன்னல் ஒண்ணுதானம்மா. அதுல அப்பா இருக்கட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை கார் வந்தது. தெருமுனையில் நின்றது, ஹாஜெர் நம் ஜன்னலைப் பார்த்தாள், மகனிடம் ஏதோ சொன்னாள், கார் திரும்பிப் போய்விட்டது. திரைக்குப் பின்னாலிருந்து எல்லாம் பார்த்தேன். நெர்மின் அடுப்பிலிருந்த காப்பியை இறக்கித் தானே குடித்தாள். (முகம் சுளிக்காமல் குடிக்கிறாரா என்று சோதிக்க, வழக்கப்படி மாப்பிள்ளை கோப்பையில் நான் போட்டு வைத்த உப்போடு. அவள் முகம் சுளிக்கவில்லை.) கொஞ்ச நேரத்தில் கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். ஹாஜெர், தனியாக, காலணி கையில், காலுறையெல்லாம் மண். உள்ளே வந்து காதோடு காதாகப் பேசினாள்: "கார் உறுமுமேன்னு அவனை அனுப்பிட்டேன். யாருக்கு முடியல?" லேசான காய்ச்சல் என்று நான் வாயெடுப்பதற்குள் நெர்மின் சொல்லிவிட்டாள், அப்பாவுக்கு, இதயம் என்று. ஹாஜெர் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, இறைவன் ஆணைப்படி உங்கள் பெண்ணைக் கேட்கிறேன் என்று கிசுகிசுத்தாள். ஊரே கேட்கச் சொல்லும் சொல் அது, எனக்கே பாதிதான் கேட்டது. அப்பா தலையசைத்தார். பிறகு சுவரிலிருந்த உன் படத்தைக் காட்டினார். நீ வந்த பிறகுதான் மோதிரம்.

ஆகவே விடுப்பு கேள் மகனே, தராவிட்டாலும் வா. வழியில் எதையாவது தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. தெருமுனைக்கு வந்ததும் முதலில் ஜன்னலைப் பார். மஞ்சள் இருந்தால் காலணியைக் கழற்றிக்கொண்டு வா. சிவப்பு இருந்தால் அப்பா எழுந்துவிட்டார், வாய்விட்டுக் கூப்பிடு. பூவே இல்லாவிட்டால்

(இதற்கு மேல் அம்மா சொன்னதை நான் எழுத மாட்டேன் அண்ணா. சீக்கிரம் வா.)

உன் இரு கண்களிலும் முத்தமிட்டு, உன் பாதையை இறைவன் காக்கட்டும் என்று வேண்டும்,
அம்மா சாதெத்
அமாஸ்யா