உன் தீவின் மதியப் படகு

குரோசே தீவு
ஜனவரி 20

தெத்சுயா அண்ணாவுக்கு,

எங்கள் மதியப் படகை எடுத்துப் போய் நீ உன் கைப்பேசி விளையாட்டில் ஓட விட்டிருக்கிறாய். இங்கே நகராட்சி அதை ஏப்ரல் முதல் நிறுத்தப் போகிறது.

உன் நலம் தெரிகிறது. டோக்கியோ ரயில்களில் உங்கள் விளம்பரம்தானாமே.

உன் கம்பெனி இந்த மாதம் புதிதாகச் சேர்த்தவற்றையெல்லாம் ஆடிப் பார்த்தேன். எட்டுக்கால் பேய்க்கணவாயைக் கம்பியில் விரித்துக் காயவைக்கலாம். சரிவில் ஆரஞ்சு பறித்துப் பக்கத்துத் தீவுக்கு அனுப்பலாம். பொதுக் குளியல் கூடம் கட்டலாம். மதியமானால் பச்சைப் பட்டை போட்ட படகு வருகிறது. ஏற ஒருவரும் இல்லாவிட்டாலும் வருகிறது. அந்தப் பட்டை நம் படகினுடையது. சீட்டுக் கொடுக்கும் வாத்து நம் துறையில் சீட்டுக் கிழிக்கும் ஒக்குமுரா, காதில் செருகிய பென்சில் உட்பட. அவரிடம் காட்டினேன். "என்னைய வாத்தாக்கிட்டானா உங்கண்ணன்? தொப்பை வேற! சரி, அந்த வாத்துக்காவது ஏப்ரல்லேருந்து வேலை இருக்கான்னு கேட்டுச் சொல்லும்மா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அம்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி அக்கரையில் டயாலிசிஸ். விடியற்காலைப் படகில் போகிறாள். பதினொன்றரைக்கு ஊசியை எடுக்கிறார்கள். பன்னிரண்டு மணிப் படகு இல்லையென்றால் அடுத்தது மாலை ஆறுக்குத்தான். எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறவள் அதுவரை துறைப் பெஞ்சில் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு அக்கரையில் அறை எடுக்க வேண்டும். அவள் இந்த வீட்டைவிட்டு வரமாட்டேன் என்கிறாள்.

நகராட்சி ஆட்கள் பயணிகளை எண்ண வந்தது ஒரு செவ்வாயும் ஒரு வியாழனும். மொத்தம் நாலு பேராம். டயாலிசிஸ் நாளில் வந்து எண்ணுங்கள் என்று அலுவலகத்தில் சண்டை போட்டேன். இனுசுகா என்கிற அதிகாரி என் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அந்தத் தீவைச் செஞ்சவரோட தங்கச்சியா நீங்க? என் மக அங்கதாங்க குடியிருக்கா! பள்ளிக்கூடம் விட்டு வந்தா நேரா படகுத்துறைதான்" என்றார். எண்ணிக்கையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

படகு பற்றி முடிவெடுக்கும் நகராட்சியின் கடைசிக் கூட்டம் பிப்ரவரி 14. நான் பேசினால் கத்துகிறாள் என்பார்கள். நீ பேசினால் கேட்பார்கள். வந்துவிடு.

தங்கை,
சிஹாரு

பிப்ரவரி 16

அண்ணாவுக்கு,

நீ வரவில்லை. உன் பெயர் போட்டு ஒரு பெட்டி வந்தது. உள்ளே முப்பது வாத்துப் பொம்மைகள். கூட்டம் தொடங்குமுன் இனுசுகா ஆளுக்கொன்று கொடுத்தார். தீர்மானம் பத்து நிமிடத்தில் நிறைவேறியது. ஒரு கையில் வாத்தை வைத்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார்கள்.

அம்மா உன்னைத் திட்டவில்லை. "வேலை தலைக்கு மேல இருந்திருக்கும்டி, அவன் என்ன பண்ணுவான்" என்கிறாள். ஊசி குத்தாத வலது கையால், மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி, உன் விளையாட்டைத்தான் ஆடுகிறாள். பக்கத்துக் கட்டில்காரர்களிடம் திரையைத் திருப்பிக் காட்டி, "இது எம் புள்ள விட்ட படகு" என்கிறாள்.

அக்கரையில் ஒரு அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மூன்றாவது மாடி, லிப்ட் இருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

ஏப்ரல் முதல் தேதி உன் தீவிலும் மதியப் படகை நிறுத்து. அங்கே குடியிருக்கும் லட்சம் பேரும் துறையில் நின்று, படகு ஏன் வரவில்லை என்று கேட்கட்டும். இனுசுகாவின் மகளும் கேட்கட்டும்.

முடியாது என்றால் காரணத்தை எனக்கு எழுதாதே. அம்மாவுக்கு எழுது.

சிஹாரு