உளவாளி வீட்டு விருந்து

என்னங்க, இன்று காலை அலமாரியைச் சுத்தம் செய்யும்போது உங்கள் பழைய போன் கிடைத்தது. சார்ஜ் போட்டுத் தொட்டதும், நீங்கள் கடைசியாகப் பார்த்த வீடியோவில் ஒருவன் உள்ளேயிருந்து கத்தினான்: "சீன மக்கள் நம்மைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார்கள்?" நீங்கள் போய் வருஷம் தாண்டிவிட்டது. அவன் இன்னும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறான். பதில் தெரிந்திருந்தால் இதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பான்.

பாசிர் கூடாங் எண்ணெய் ஆலையில் ஷிப்டு பார்த்த வரைக்கும் உங்களுக்குச் சீனா என்றால் பிளாஸ்டிக் வாளிதான். ஓய்வு பெற்றதும் வெளியுறவு அமைச்சராகிவிட்டீர்கள். மாமாக் டீக்கடையில் தே தாரிக் ஆறிப்போகும் வரை பேச்சு. "சைனாக்காரன் மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும் லா" என்பீர்கள். பக்கத்து வீட்டு ஆ சோங் மனசில் என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அவர் வீட்டு வாசலை மறித்து நீங்கள் கார் நிறுத்துவதைப் பற்றிச் சொல்லியிருப்பார்.

நம் மகள் தர்ஷினியைச் சீனப் பள்ளியில் சேர்த்தது நீங்கள்தான். மாண்டரின் தெரிந்தால்தான் வேலை என்றீர்கள். அது பலித்தது. செனாயில் சீனாக்காரர்கள் நடத்தும் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் சேர்ந்தாள். அங்கே ஹுனானிலிருந்து வந்த எஞ்சினியர் சென் என்பவனோடு பழகிக் கல்யாணம் வரைக்கும் வந்தது. அவனுடைய அப்பாவும் அம்மாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். நான் கோழி வறுத்தேன். நீங்கள் கேள்விகள் தயாரித்தீர்கள்.

சென்னின் அப்பா ரசத்தை வாயில் வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டீர்கள். "தென்சீனக் கடலைப் பத்தி உங்க மக்கள் என்ன நினைக்கிறாங்க? இந்தியாவை எதிரியாவா பார்க்கிறாங்க?" நாம் இரண்டு பேரும் இந்த நாட்டில், குளுவாங் தோட்டத்தில் பிறந்தவர்கள். இந்தியாவுக்கு ஒரே ஒரு தடவை போனோம், அதிலும் உங்களுக்கு வயிறு கெட்டுப் பாதியில் திரும்பினோம். யாருக்காக வழக்காடினீர்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தர்ஷினி இலையைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

அந்த மனிதரும் உங்களுக்குச் சளைத்தவரில்லை. ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அன்றுவரை எந்த வெளிநாட்டுக்காரரோடும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஆனாலும் உலகமே தன் நாட்டைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிறது என்று அவருடைய போன் அவருக்குச் சொல்லியிருந்தது. எங்கள் மக்கள் எல்லோரும் விழிப்பாக இருக்கிறார்கள் என்றார். அவர் குடியிருப்பு வாசலில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்களாம். வெளிநாட்டுக் காதல் என்றால் ஜாக்கிரதை, உளவாளியாக இருக்கலாம் என்று. பிறகு சிரித்த முகத்தோடு, அரசாங்கத்தில் உனக்கு யாரையாவது தெரியுமா, என் மகனிடம் வேலை விஷயம் கேட்பதுண்டா என்று தர்ஷினியிடமே விசாரித்தார். அதையும் அவள்தான் நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்பா, நான் ஸ்பையான்னு கேட்கிறாரு."

அட்டைப்பெட்டிக்கும் திருகாணிக்கும் ஆர்டர் போடுகிற பெண். என் பிறந்தநாளுக்கு வாங்கிய சேலையை ஒரு பொழுது ஒளித்து வைக்கத் தெரியாதவள்.

நான் உங்களைப் பார்த்தேன். அவளும் உங்களைத்தான் பார்த்தாள். எழுந்து மேசையைத் தட்டுவீர்கள் என்று நினைத்தோம். நீங்கள் தொடையைத் தட்டினீர்கள். "பார்த்தியா! நான் சொன்னேன்ல, சைனாக்காரங்க இப்படித்தான் நினைக்கிறாங்கன்னு!" பெற்ற மகளை உளவாளி என்கிறார்கள், உங்கள் முகத்தில் பரீட்சை தேறிய பையனின் சந்தோஷம். த்தூ என்றிருந்தது எனக்கு. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நீங்களும் அவரும் போனை நீட்டி நீட்டி வீடியோ காட்டிக்கொண்டீர்கள். மொழிபெயர்க்க ஆளே தேவைப்படவில்லை, அப்படி ஓர் ஒற்றுமை. சென் குனிந்து கோழி எலும்பை ஒதுக்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா மட்டும் அடுப்படிக்கு வந்து தர்ஷினியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். "என்னடி சொல்றாங்க?" என்றேன். "வீட்டுல டிவி ரிமோட்டைக்கூட அவரு இவங்க கையில கொடுக்க மாட்டாராம்மா." அந்த அம்மாவிடம் எந்தக் கருத்துக்கணிப்புக்காரனும் போய் எதுவும் கேட்டிருக்க மாட்டான்.

அந்த வாரமே தர்ஷினி கல்யாணம் வேண்டாம் என்று முறித்துக்கொண்டாள். "ரெண்டு அப்பாவையும் தாங்கிக்குவேன்மா. சென் வாயே திறக்கல, அதைத்தான் தாங்க முடியல" என்றாள். சிங்கப்பூரில் வேலை தேடிப் போனாள். "தப்பிச்சோம்" என்றீர்கள், அடுத்த வீடியோவைத் தட்டிக்கொண்டே. அன்றைக்கு நடந்ததற்கு வருத்தமாக ஏதாவது சொல்வீர்கள் என்று அவள் ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து காத்திருந்தாள். ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். அவள் அழுத அழுகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்களைத் திட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் திட்டுவதற்கு ஆளில்லாத இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லைங்க.

போன வாரம் அவள் கூப்பிட்டாள். "அம்மா, ஒருத்தரைப் பார்த்திருக்கேன். வீட்டுக்குக் கூட்டிட்டு வரவா?" நானும் உங்களைப் போல விசாரிப்பேன் என்று பயந்துதான் கேட்டாள். எந்த நாடு, என்ன ஆள் என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. உங்களோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய பழக்கம், வேறென்ன. விழுங்கிக்கொண்டேன்.

"காரம் சாப்பிடுவாரா?" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.