ரெண்டே நிமிஷத்துல அணைச்ச வண்டி

என் கண்ணு பாப்பாவுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கிட்டு நல்லாத்தான் இருக்கோம், அப்பாவுக்குப் படியேறும்போது மட்டும் முழங்கால் புடிக்குது, அங்க நீ நேரத்துக்குச் சாப்பிடறியா, குளிருக்குக் காதை மூடிக்கிட்டுப் போறியான்னு தான் எனக்கு எந்நேரமும் நெனப்பு. ரெண்டாங்கிளாஸோட நின்னவ எழுத்து, கோணலா இருக்கும், கூட்டிப் படிச்சுக்கோ. ஃபோன்ல சொல்லலாம்னா நீ மதியச் சாப்பாட்டுக்கு நடுவுல ரெண்டு நிமிஷம் பேசிட்டு வெச்சுடறே, பக்கத்துல அப்பா வேற காதை நீட்டிக்கிட்டு நிக்கறாரு. அதான் எழுதறேன். பாதியில பதறாதே, முழுசாப் படிச்சுட்டுப் பதறு.

விஷயம் உன் காரைப் பத்தி. வர்ற இருபதாம் தேதி வந்து அதை எடுத்துக்கிட்டு, மலை ரோட்டு வழியா ஒரு பகல் பூரா தனியா ஓட்டிக்கிட்டுப் போகப்போறேன்னு எழுதியிருந்தே பாரு, அதைப் படிச்சதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. ஏன்னா வண்டி சரியில்லை. ஒரு மாசமாவே சரியில்லை. நின்ன இடத்துலயே குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறுச்சு, பின்னாடி குழாயில டப் டப்புனு அடிச்சுச்சு, பெட்ரோல் நாத்தம் வேற. மூடி வெச்ச வண்டி உதறுதுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்னு கேப்பே. அங்க தான் வரேன்.

நீ ஊருக்குப் போன மூணாம் நாள். தையல் மெஷினுக்கு உறை போட்டுட்டு எழுந்தேன், ஆறு மணி. அந்த மெஷினுக்கும் இப்ப வயசாயிடுச்சு, கட்டித் துணி வெச்சா முக்குது, பெல்ட்டு மாத்தணும், அது கெடக்கட்டும். வழக்கமா அந்நேரம் தானே சந்து முனையில உன் வண்டி உறுமும், எதிர்வீட்டு டீச்சரும் வந்துட்டாப்பா ராணின்னு ஜன்னலைச் சாத்துவாங்க. அன்னிக்கு ஒரு சத்தம் இல்லை. வீடு காதை அடைக்குது. அவசரத்துக்குன்னு ஆளுக்கு ஒண்ணா எங்க கிட்ட சாவி குடுத்துட்டுப் போனியே, என்னோடது பட்டன் டப்பாவுல கெடந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போயி, வண்டி மேல இருந்த போர்வையைத் தள்ளிட்டு, நீ உக்கார மாதிரியே காலை நீட்டி உக்காந்து திருகினேன். ரெண்டே நிமிஷம். அப்பா நடந்துட்டு வர்றதுக்குள்ள அணைச்சு மூடிட்டேன். யாரும் தொடக்கூடாதுன்னு நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சு பாப்பா, இல்லைன்னு சொல்லலை. ஆனா மறுநாளும் ஆறு மணி வந்துச்சே. அப்படியே ஏழு மாசம் ஆயிடுச்சு.

போன மாசம் ஒருநாள் திருகினா சத்தம் வேற மாதிரி கேக்குது. மத்தவங்களுக்கு எப்படியோ, முப்பது வருஷம் தையல் சத்தம் கேட்ட காது இது. டக டக டக டகன்னு வரவேண்டியது, மூணு தையல் விழுந்து நாலாவது விட்டுப்போற மாதிரி கேட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி தூங்கலை. நீ நாலு வருஷம் நகக்கண்ணுல கிரீஸோட, எனக்கு ரெண்டு வயசு இளைய அந்தக் கிழட்டு வண்டிக்கு உசிர் குடுத்தே, அதை நான் கொன்னுட்டேனேன்னு. யார்கிட்ட சொல்றது? உன் கடுதாசி வந்ததும் அப்பாவே, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடலாம்னு எடுத்தாரு. உதறல். பெட்ரோல் பழசாப் போச்சு, அவ்வளவு தான்னு சொன்னாரு. நானும் ஆமாம் ஆமாம்னேன். இருந்தும் மனசு கேக்காம, நீ உருண்டைன்னு பேர் வெச்சியே அந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு.

அவரு வண்டியை ஓடவிட்டு, எஞ்சின்ல பொறி தட்டற நாலு ப்ளக்குக்கும் போற ஒயரை இடுக்கியால ஒவ்வொண்ணா கழட்டினாரு. முதலாவதைக் கழட்டினா வண்டி இன்னும் மோசமா ஆடுது, மாட்டினா கொஞ்சம் அடங்குது. ரெண்டாவதும் அப்படித்தான். மூணாவதைக் கழட்டினாரு, ஒரு மாத்தமும் இல்லை. வேலை செய்யாதவன் லீவு போட்டா கடைக்கு என்ன குறை, இவன் தான் நெருப்புப் புடிக்காத மிஸ்ஸிங்குன்னு சொல்லிச் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரலை, எஞ்சின் செத்துப்போச்சான்னு கேட்டேன். பொறு அக்கான்னுட்டு, மூணாவது ப்ளக்கைக் கழட்டி நாலாவதுல போட்டு, அதுல இருந்ததை இதுல போட்டாரு. இப்ப மூணாவது வேலை செய்யுது, நாலாவது படுத்துக்குச்சு. அப்ப எஞ்சின் மேல குத்தம் இல்லை, ப்ளக்கு தான்னாரு. எனக்கு அப்ப தான் மூச்சே வந்துச்சு.

வந்த மூச்சு உடனே நின்னுச்சு. நாலு ப்ளக்கையும் கழட்டி வரிசையா வெச்சாரு, அத்தனையும் கரி, அடுப்புல விழுந்த மாதிரி. இந்த வண்டியை யாரு தினம் ஸ்டார்ட் பண்றதுன்னு கேட்டாரு. யாருமில்லையேன்னு அப்பா பட்டுனு சொன்னாரு. இந்த மாதிரி வண்டியைச் சூடாக விடாம ரெண்டு நிமிஷத்துல அணைச்சுக்கிட்டே இருந்தா தான் இப்படிக் கரி அடிக்கும், பாட்டரியும் பாதி செத்துக் கெடக்கு, இது தினம் ஒரு தடவை வேலை இல்லை, ரெண்டு தடவை நடந்திருக்குன்னாரு. ரெண்டு தடவையா? நான் ஒரு தடவை தானேன்னு வாய் தவறி வந்துடுச்சு. திரும்பிப் பார்த்தா அப்பா காது ரெண்டும் செவந்து கெடக்கு. மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, உள்ளேர்ந்து அவரோட சாவியை எடுத்துக் காட்டறாரு. காலையில நான் தைச்ச துணியைக் கடையில குடுக்கப் போற நேரமாம். நீ வேலைக்குக் கிளம்பற சத்தத்தை அவரு கேட்டுக்கிட்டிருக்காரு, வீட்டுக்கு வர்ற சத்தத்தை நான் கேட்டுக்கிட்டிருக்கேன். உருண்டை எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டு, கேஸ் ஜோடியாத்தான் மாட்டியிருக்குன்னாரு.

புது ப்ளக்கு போட்டும் லேசா ஒரு நடுக்கம் மிச்சம் இருந்துச்சு. எங்கேயோ உஸ்ஸுன்னு காத்து கேட்டுச்சு எனக்கு, கையைக் கிட்ட கொண்டுபோனேன், எஞ்சினுக்குப் போற ஒரு ரப்பர் குழாயில மயிரிழை விரிசல். விரலால அழுத்தினதும் வண்டி பொட்டிப்பாம்பா அடங்கிடுச்சு. அதையும் மாத்தியாச்சு. அது வயசானதால வந்தது, எங்க தப்பு இல்லை. ஆனா ஊருக்கு எடுக்கறதுக்கு முன்னாடி எஞ்சின் நல்லாச் சூடேற ஒரு மணி நேரம் பெரிய ரோட்டுல ஓட்டிப் பார்க்கணுமாம். உன்னைக் கேக்காம இனி சாவியைத் தொடறதில்லைன்னு ரெண்டு சாவியையும் பட்டன் டப்பாவுல போட்டுட்டோம். அப்பா ஓட்டட்டுமா, நானும் பக்கத்துல உக்காந்துக்கட்டுமா, எழுது. கோவம்னாலும் திட்டி எழுது, எழுதாம மட்டும் இருந்துடாதே. மலை ரோட்டுல உதறினா ஓரங்கட்டிடு, எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துடலாம்னு பார்க்காதே.

நீ எங்க இருந்தாலும் ஒரு கொறையும் இல்லாம நல்லா இருக்கணும், போற வழியெல்லாம் உனக்கு வழி விடணும். கடைசியா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. வண்டியைக் கொண்டுபோன பிறகு ஆறு மணிக்கு ஒரு ஃபோன் போடு. ரெண்டு நிமிஷத்துல வெச்சுடாதே கண்ணு. சூடாக நேரம் வேணும், வண்டிக்கும், எங்களுக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா
(அப்பாவும் பக்கத்துல தான் நிக்கறாரு, எழுத வெக்கமாம்)