எனக்கு மட்டும் கேட்காத குறட்டை

அன்பு மகள் வுலனுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் சுகம், தைவான் குளிரில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் முகம் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன், சிரிக்காதே.

வியாழக்கிழமை யாசீன் ஓதும் கூட்டத்தை இப்போது நான் நடத்துவதில்லை. மதரஸாவுக்குப் போகாத நான் கேட்டுக் கேட்டே மனப்பாடமாக்கிய அந்தக் குர்ஆன் சூரா, இத்தனை வருஷம் தெருப் பெண்களுக்கு முன்னால் உட்கார்ந்து ஓதியது, நோன்புக்குப் பிறகு நடுவில் நடுவில் அறுந்து போனது. வீட்டுக் கணக்கில் உப்பை இரண்டு தடவை எழுதினேன், அடுப்பில் சட்டியைக் கருகவிட்டேன், அத்தா மேல் எரிந்து விழுந்தேன். ஓதத் தெரிந்ததை மறந்தால் அது பாவத்துக்குத் தண்டனை என்றுதானே கேட்டு வளர்ந்தோம், என்ன பாவமோ என்று பயந்து, இருந்த தூக்கத்தையும் குறைத்துக்கொண்டு நடுராத்திரி எழுந்து தஹஜ்ஜுத் தொழுதேன், மறதி இன்னும் கூடியது. கடைசியில் பக்கத்து வீட்டு பார்ஜோ மௌத்தான ஏழாம் நாள், வீடு நிறைய ஆட்கள் இருக்க, ஓதிக்கொண்டிருந்தவள் உட்கார்ந்தபடியே தூங்கிக் குறட்டையும் விட்டேன். விழித்தபோது ஒருவரும் ஓதவில்லை. கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காரும் சுமார்னிதான், "டிராக்டர் வருதாக்கும்னு நான் வாசலப் பாத்தேங்க்கா" என்றாள், பார்ஜோவின் மனைவியே அழுகையை விட்டுச் சிரித்துவிட்டாள். அப்புறம் நான் தெருவில் தலைகாட்டவில்லை.

அத்தா பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூங்கும்போது தொண்டை தளர்ந்து அடைத்துக்கொள்கிறதாம், மூச்சு நிற்கிறதாம், மூளை பதறி எழுப்புகிறதாம், விடியவிடிய இதே கதையாம், எனக்குத்தான் தெரியவில்லை. "பகல்ல நடந்ததெல்லாம் மூளை அடுக்கி வைக்கிறது நல்ல தூக்கத்துலதாம்மா, உங்களுக்கு அந்தத் தூக்கமே இல்ல. இது பாவமில்ல, நோய்" என்றாள் டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன். வீட்டில் யாரும் இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டாள். அத்தா தலையைக் குனிந்துகொண்டு, பல வருஷமாகத் தெரியும், மூச்சு நின்றால் தோளைத் தொட்டு அசைப்பேன் என்றார். வெளியே வந்து ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். "ஒரு தடவ சொன்னேன், மூணு நாளு எனக்குக் காப்பி வரல" என்றார். லீவில் வந்தபோது புழுக்கம் என்று நீ கூடத்தில் போய்ப் படுத்ததும் இப்போது புரிகிறது. ஊர் சிரித்தது ஆறிவிட்டது மகளே, என் குறையை என்னிடம் சொல்ல என் வீட்டு மனிதர்களே பயந்ததுதான் ஆறவில்லை.

இப்போது மூக்கில் மூடி மாட்டித் தூங்குகிறேன், ஒரு மெஷின் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. பகலில் கண் செருகுவது நின்றிருக்கிறது. மறந்ததெல்லாம் திரும்புமா என்றால், பெரும்பாலும் வரும், உறுதி சொல்லமாட்டேன் என்கிறாள் டாக்டரம்மா. போன வியாழன் கடைசி வரிசையில் யாசீன் கிதாபைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், சுமார்னி ஓத நான் பின்னால் ஓதினேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த தூக்கமும் தரட்டும். இந்தத் தொண்டை பிள்ளைகளுக்கும் வருமாம். உன் அறையில் படுக்கும் பெண்களிடம் நீயாகவே கேள், நான் குறட்டை விடுகிறேனா, மூச்சு நிற்கிறதா என்று. ஆமாம் என்று சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே.

துஆவுடன்,
உன் அம்மா வார்சினி