முளைக்காத தட்டு

இன்று காலை பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட மைதாப் பசை காய்ச்சினேன். கொதி வந்த வாடையில், நீ அடுப்படிக்கு வந்து நிற்கிற மாதிரி இருந்தது. நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

என் வீட்டுக்காரரின் தங்கை நீ. மதுரையில் கிருமி ஆராய்ச்சி செய்தாய். நான் மூணாம் வகுப்போடு நின்று, சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டியவள். ஆனாலும் உன் படிப்பை என்னிடம்தான் சொல்லுவாய். கிருமி ரெண்டாகப் பெருகுமுன் தன் டி.என்.ஏ. இழைக்கு நகல் எடுக்குமாம். அதில் ஒரு பாதி துண்டு துண்டாகத்தான் வருமாம். துண்டுகளை ஒட்டி முடிக்க ஒரு என்சைம். உன் கிருமிக்கு அந்த என்சைமில் கோளாறு. குளிர்ச்சியில் ஒட்டும், சூடு ஏறினால் ஒட்டாது, கிருமி செத்துப்போகும். கெட்டதை வைத்துத்தான் நல்லது என்ன வேலை பார்க்கிறது என்று தெரியும் என்றாய்.

"வெயில்ல பசை புளிச்சா பிடிக்காதே, அந்த மாதிரியா?" என்று கேட்டேன்.

"அதேதான் மதினி. எங்க வாத்தியாருக்கு நீங்க வந்து பாடம் எடுங்க."

அறுபத்தெட்டோ ஒன்பதோ, ஒரு மே மாதம் கல்லூரியில் குளிர்பெட்டி பழுதாகிவிட்டது. ரெண்டு வருஷம் தேடி எடுத்த கிருமியைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, ஈரத்துணி சுற்றி, நம் வீட்டுப் பானையடிக் குளிர்ச்சியில் வைக்கலாம் என்று பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். வழியெல்லாம் அனல். உன்னுடையது செத்து, தானாகவே கோளாறு நீங்கிய ஒன்றிரண்டு மட்டும் பிழைத்துப் பெருகியிருந்தால் அத்தனையும் வீண். உனக்குச் சோறு இறங்கவில்லை.

கிருமிக்குத் தீனி ஊற்றிய ரெண்டு தட்டில் தடவினாய். ஒன்றைப் பானையடி ஈரமணலிலும், இன்னொன்றைத் தகரக் கொட்டகையிலும் வைத்தோம். சீமையில் இப்படிச் சூடு காட்ட மெஷின் வேணுமாம், நமக்கு நம்ம ஊர் வெயில் போதும் என்றாய். உன் அண்ணன் பானைத் தண்ணீரைத் தொடாமல், பக்கத்து வீட்டில் போய்க் குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் நான்தான் முதலில் பார்த்தேன். மணலில் இருந்த தட்டில் வெள்ளையாய்ப் பொரிந்து கிடந்தது. கொட்டகைத் தட்டில் ஒரு புள்ளி இல்லை. அதை முந்தானையில் மூடி எடுத்துவந்து, எல்லாம் செத்துப்போச்சு தாயி என்று அழுதேன். நீ வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இது மொளைக்கக் கூடாது மதினி. மொளைக்கலைன்னாத்தான் அது நம்ம பிள்ளை."

என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாய். வெறும் தட்டைப் பார்த்து நாம் சிரித்ததில் உன் அண்ணன் பயந்தே போனார்.

நேற்று துக்கம் கேட்க வந்த மல்லாங்கிணற்று அத்தை, விதைத்த சோளம் முளைக்கவில்லை என்று குறைப்பட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் திகைத்தார்கள். கிருமி, இழை, துண்டு, ஒட்டு என்று நீ சொன்ன வரிசையிலேயே எடுத்துச் சொன்னேன். ஓரிடத்திலும் தடுக்கவில்லை.