உயிருள்ள மீன்

மகளே,

எங்கள் டால்பின் பூங்காவின் கடல்வலை புயலில் கிழிந்த அந்தக் காலையைப் பற்றி நீ மெரிதா நகரில் எல்லோரிடமும் சொல்வதாக உன் அம்மா எழுதியிருக்கிறாள். என்னைக் குத்த அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

கனேலா என்ற எங்கள் டால்பின் அந்தக் கிழிசல் வழியே வெளியேறி, பவளப்பாறை வரை போயிருந்தது. "உங்க பொண்ணு அடிக்கடி கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி இதுவும் போயிருச்சா, டாக்டர்?" என்று பூங்கா மேலாளர் எலியூதேரியோ, அதன் வைத்தியரான என்னிடம் கேட்டுச் சிரித்தார். நீ என் கையைப் பிடித்தாய். "விசிலை ஊதாதீங்கப்பா. அது போகட்டும்."

நான் விசிலை ஊதினேன். அது திரும்பி வந்தது. பாசம் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னேன். அதோடு நீந்தச் சுற்றுலாப் பயணிகள் வரும்வரை தினமும் அதைப் பட்டினி போடுகிறோம் என்பதைச் சொல்லவில்லை. பசித்தால்தானே அவர்களுக்கு முத்தம் கொடுக்கும்!

நேற்று அதன் வலைத் தடுப்புக்குள் இறங்கி உயிருள்ள மீன் ஒன்றை விட்டேன். இங்கேயே பிறந்து, பனிக்கட்டியில் வைத்த மீனையே தின்று வளர்ந்தது அது. துள்ளிய மீனைக் கண்டு மிரண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

நீ சொன்னது முழுக்கச் சரி என்று எழுதமாட்டேன். அன்று போயிருந்தால் பசியில் செத்திருக்கும். ஆனால் அதை அப்படி வளர்த்தவன் நான்.

இன்று இரண்டு மீன் விட்டேன். ஒன்றைத் துரத்தியது.

அடுத்த புயல் காலத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது; அதற்குள் தானே இரை பிடிக்கக் கற்றுக்கொள்ளும். விசிலை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நீயே வைத்துக்கொள்.

அப்பா