தெற்கே வழிந்த பால்

ஹோம்புஷ், சிட்னி
22.1.1978

அன்பு மகள் வைதேகிக்கு,

நானும் அப்பாவும் இங்கே தரையில் நலம். நீயும் மருமகன் சிறிதரனும் உன் வயிற்றில் இருக்கும் குஞ்சும் அங்கே தண்ணீரில் நலமாக இருக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்கவேண்டும். இவ்வளவு நாளும் அம்மா ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கமாட்டாய், காரணம் உனக்கே தெரியும். "இதுதான் எங்கள் வீடு, வர விருப்பமில்லையென்றால் வரவேண்டாம்" என்று எழுதிவிட்டு அதற்குக் கீழேயே அன்பு முத்தங்கள் என்றும் எழுதியிருந்தாய். இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பா எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

என் பக்கத்து நியாயத்தையும் நீ கொஞ்சம் யோசிக்கவேண்டும். போன இங்கிலாந்துக் கோடையில் ஒரு சிநேகிதனின் படகில் ஆற்றோடு போய் விடுமுறை கழிக்கிறோம் என்று எழுதினாய், சரி, இளம் பிள்ளைகள், கழிக்கட்டும் என்றிருந்தேன். இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது அம்மா, காலையில் வாத்துகள் வந்து பாண் துண்டு கேட்டுப் படகின் பக்கத்தைக் கொத்தி எழுப்புகின்றன அம்மா, கூரையில் தொட்டி வைத்துக் கீரை வளர்க்கிறோம் அம்மா, ஒரு மைல் போக அரைமணித்தியாலம் எடுக்கிறது, கரையில் நாயோடு நடந்து போகிற கிழவர் எங்களை முந்திக்கொண்டு போகிறார் அம்மா என்றெல்லாம் நீ எழுதியதை நான் இரண்டு தரம் வாசித்துச் சிரித்தேன். குளிர் வந்தால் கரைக்கு ஏறிவிடுவீர்கள் என்று நினைத்திருந்தால், நரோபோட் என்கிற அந்த ஒடுங்கிய படகையே வாங்கிவிட்டோம், இனி அதுதான் வீடு என்று எழுதுகிறாய். அகலம் ஏழடியாம். நான் சமைக்கிற குசினி அதைவிட அகலம் பிள்ளை. எங்கள் ஆட்களில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பது வழக்கம், உனக்கென்று ஊரில், கொக்குவிலில், ஆறு அறையோடு கட்டிய கல்வீட்டில் யாரோ ஒரு தபாலதிபர் காற்றோட்டமாகக் குடியிருக்கிறார், நீ அங்கே கட்டிலை மடித்தால்தான் மேசையை விரிக்கலாம் என்கிறாய். உன் விலாசமோ ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு சாராயக்கடையின் விலாசம். ஒவ்வொரு தரமும் தபாற்கந்தோரில் அதைக் கையால் மறைத்துக்கொண்டுதான் முத்திரை வாங்குகிறேன். இந்த நிலையில் ஆனி மாதம் பிள்ளைப்பேற்றுக்கு வா என்று கேட்டாய், ஒரு வீடு வாடகைக்கு எடு, வருகிறேன் என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

அப்பாவை உனக்குத் தெரியும்தானே, வாயைத் திறக்கமாட்டார், ஆனால் ஒரு நாள் கந்தோரால் வரும்போது ஒரு வர்ணப் படத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஹோக்ஸ்பரி ஆற்றில் வீட்டுப்படகு வாடகைக்கு விடுகிறார்களாம், தைப்பொங்கலோடு மூன்று நாள் எடுத்திருக்கிறேன், படகில் சீவித்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையோடு சண்டை பிடி, இப்போது சும்மா கேள்விஞானத்தில் பிடிக்கிறாய் என்றார். நான் போனது படகு கூடாது என்று நிரூபிக்கத்தான், அதை மறைக்க விரும்பவில்லை. துணைக்குச் சத்தியபாமா அன்ரியையும் மகாதேவன் அங்கிளையும் கூட்டிக்கொண்டு போனோம். நீ அவர்களைக் கண்டதில்லை, நீ இங்கிலாந்து போன பிறகுதான் பக்கத்துத் தெருவுக்கு வந்தார்கள். அங்கிள் எங்கே இருத்தினாலும் நித்திரை கொள்ளும் நல்ல மனிதர். அன்ரிக்கு மெல்பேணில், நோபல் பார்க்கில், ஒரே மகன், அவன் கட்டிய கல்வீட்டின் புளுகைக் கேட்டுக் கேட்டு அந்த வீட்டில் எத்தனை யன்னல் என்று எனக்கே மனப்பாடம். உன் படகைப் பற்றி அவளுக்குச் சொல்லாமல்தான் இருந்தேன், அப்பாதான் ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது உளறிவிட்டார்.

படகுக்காரன் செம்பட்டைத் தாடியோடு ஒரு வெள்ளைக்காரன், காலில் செருப்பும் இல்லை. இயந்திரத்தைத் தொடக்குவது, நிறுத்துவது, நங்கூரம் போடுவது எல்லாம் மளமளவென்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு குடாவைக் காட்டி, அதற்குள் மட்டும் இரவில் படகை விடாதே, இது கடலோடு சேர்ந்த ஆறு, நீர் ஏறும் இறங்கும் என்று சொன்னான். அப்பா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். இருபது வருடம் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எஞ்சினியராக இருந்தவருக்கு இன்னொருவன் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதா? அவர் கட்டிய குளங்களில் நீர் மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும், இடையில் ஒன்றும் செய்யாது. போதாததற்கு எங்கேயோ ஒரு வெள்ளைத் தொப்பியும் வாங்கிவந்திருந்தார். புறப்பட்ட உடனேயே இறங்குதுறையில் ஒரு இடி, ஒரு சிப்பிக்காரனின் படகில் ஒரு உரசல். ஆனால் நியாயத்தைச் சொல்லவேண்டும், முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் காடும் பாறையும், குசினி யன்னலுக்கு வெளியே ஊர் மெல்ல நகர்ந்து போகிறது, நான் நின்ற இடத்திலேயே நின்று கத்தரிக்காய் வெட்டுகிறேன். இந்தச் சுகத்தை அப்பாவுக்குக் காட்டக்கூடாது என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வெட்டினேன்.

பிழை இரண்டாம் நாள் பின்னேரம் என்னால்தான் வந்தது. விடிந்தால் பொங்கல். கரையில் நெருப்பு மூட்டக்கூடாது என்று வானொலியில் சொல்லிவிட்டான், அவ்வளவு வெக்கை, ஆனபடியால் படகின் முன்தட்டிலே சின்ன எரிவாயு அடுப்பை வைத்துப் பொங்குவது என்று முடிவு. அப்படியென்றால் படகின் மூக்கு கிழக்கே சூரியனைப் பார்த்து நிற்கவேண்டும், ஆடவும் கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா திசைகாட்டியைக் கையில் பிடித்தபடி ஆற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார், கிழக்கே பார்க்க ஆடாமல் நிறுத்தக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. எது என்று நினைக்கிறாய், அந்தத் தாடிக்காரன் காட்டிய அதே குடா. நீர் நிறைந்து, கண்ணாடி போலக் கிடந்தது. மூக்கைக் கரையில் ஏற்றிக் கயிற்றைக் கட்டிவிட்டு, வன்னியில் ஒரு குளத்தைக் கட்டி முடித்தவர் மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

விடியப்புறம் எழுந்து முழுகி, முன்தட்டில் மாக்கோலம் போட்டு, நிறைகுடம் வைக்கப் போனால், குடத்தில் வைத்த தேங்காய் உருண்டு அங்கிளின் படுக்கைக்குக் கீழே போய்விட்டது. படகு கொஞ்சம் சரிந்திருந்தது. அப்பா பார்த்துவிட்டு, பெரிய சரிவில்லை, பொங்கு என்றார். அடுப்பின் கீழ் ஒரு பலகைத் துண்டை முட்டுக்கொடுத்துப் பானையை ஏற்றினேன். பால் சூடாகச் சூடாகப் படகும் சரிகிறது. ஆற்றுநீர் எங்கள் காலடியிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது, அது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, எல்லாரும் பானையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். சூரியன் மலைக்கு மேலே வந்தது, பால் பொங்கியது, பொங்கி ஒரு சொட்டுக்கூடக் கிழக்கே போகாமல், வடக்கையும் திரும்பிப் பாராமல், நேரே வலக்கைப் பக்கமாகத் தெற்கே வழிந்து, கோலத்தை அழித்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது. ஆற்றுக்குள் என்று நினைத்துத்தான் எட்டிப் பார்த்தேன், கீழே ஆறே இல்லை, கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வெறும் கறுத்தச் சேறும் நண்டுகளும்தான். நண்டுகளுக்குப் பொங்கல் நல்லபடியாக நடந்தது.

அந்த நேரம் பார்த்துச் சத்தியபாமா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, தெற்கால ஊத்துப்பட்டால் நல்லதில்லை சிவனேஸ்வரி, தண்ணியில குடித்தனம் நடத்த வெளிக்கிட்டால் இப்பிடித்தான், உம்மட மகளுக்கும் எழுதிப்போடும் என்றாள். இதே கதையை நான் அப்பாவுக்கு மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் அவளுடைய வாயால் கேட்டதும் எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. என்ர பிள்ளை ஏழு மாசமாய்த் தண்ணியிலதான் இருக்கிறாள், அவளுக்கு ஒரு குறையும் இல்லை, அவளின்ர படகில கதவு ஒண்டுதான், ஆனால் அது எனக்குத் திறந்து கிடக்குது, உம்மட மகன்ர கல்வீட்டில இத்தனை கதவு இருக்கே, ஒண்டாவது உமக்குத் திறக்குதோ என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவள் முகம் அப்படியே செத்துப்போனது. அங்கிள் எழும்பி, இந்த நாட்டில சூரியனே வடக்கால போகுது, இஞ்ச எல்லாம் தலைகீழ், தெற்கு எண்டால் எங்கட வடக்கு மாதிரித்தான் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். பால் பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும், அதுதான் நீரியல் என்றார் அப்பா. இரண்டு பேரையும் நாங்கள் இரண்டு பேரும் பார்த்த பார்வையில் அப்பா தொப்பியைச் சரிசெய்தார், அங்கிள் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார்.

இனி அடுத்த கூத்தைக் கேள். வீட்டில் என்றால் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பாள், தீபாவளி வரைக்கும் கதை பேச்சு இராது. இங்கே எங்கே போவது? இறங்கினால் முழங்கால் மட்டும் சேறு. நீர் திரும்பி ஏற மத்தியானம் ஆகும், அதுவரைக்கும் படகு இன்னும் சரியாமல் இருக்க எல்லாரும் மேட்டுப்பக்கம் ஒன்றாக இருக்கவேண்டும், பாரம் வேண்டும் என்றார் அப்பா. எங்கள் இரண்டு பேரிலும்தான் பாரத்துக்குக் குறைவில்லையே. ஒரே வாங்கில் தோளோடு தோள் முட்ட, நான் அந்தப் பக்கம் பார்க்க அவள் இந்தப் பக்கம் பார்க்க, வெயிலில் குந்தியிருந்தோம். எவ்வளவு நேரம்தான் மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருப்பது, வேர்வை ஒருத்தியுடையது மற்றவளில் ஒட்டுகிறது. கடைசியில் அவள் என்னைப் பாராமலே, இரண்டு வருசமாய் அவன் என்னை வா எண்டு கேக்கேல்லை என்றாள். பிறகு, உமக்கு வா எண்டு கேக்கிற பிள்ளை இருக்கு, நீர் போகாமல் நிக்கிறீர் என்றாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவளும் அழுதாள். பொங்கல் நாளில் பெண்கள் அழக்கூடாது என்று சொல்ல அப்பா வாயெடுத்தார், நல்லகாலம், நிறுத்திக்கொண்டார்.

மத்தியானம் நீர் வந்தது. வந்த சத்தமே இல்லை. நண்டுகள் மறைந்தன, சேறு மறைந்தது, பிறகு காலுக்குக் கீழே படகு மெதுவாக ஒருதரம் அசைந்து, ஒருவரும் தொடாமலே தானாக நிமிர்ந்தது. சரிந்து கிடந்த தட்டுகள், கேத்தில், அங்கிள் எல்லாம் நேரானார்கள். எனக்கு அது பிடித்திருந்தது வைதேகி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, மிகவும் பிடித்திருந்தது. மிச்சப் பாலில் அரிசியும் பயறும் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, சர்க்கரையைக் கொஞ்சம் கூடவே போட்டுப் பொங்கி நாலு பேரும் சாப்பிட்டோம். மாலையில் படகைத் திருப்பிக் கொடுக்கும்போது தாடிக்காரன் அடிப்பக்கத்துச் சேற்றைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், அப்பா ஓம் என்றார்.

ஆகவே ஆனி பிறக்க முன்னமே நான் வருகிறேன். படகுக்குத்தான் வருகிறேன், வீடு ஒன்றும் பார்க்கவேண்டாம். உன் ஆறு கடலில் இருந்து எட்ட, அங்கே நீர் ஏறி இறங்காது என்று மருமகன் எழுதியிருந்தார், அதை இன்னொருதரம் நிச்சயமாக்கி எழுதச் சொல். வழியில் கதவு போட்டு, நீரை நிரப்பிப் படகையே மேலே தூக்குகிற இடங்கள் இருப்பதாக நீ எழுதினாயே, அதைக் கேட்ட நாளிலிருந்து அப்பாவுக்கு நித்திரை இல்லை, அவரும் வருகிறார், அந்தக் கதவடியிலேயே ஒரு கதிரை போட்டு விட்டுவிடு, சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடலாம். பத்தியத்துக்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்துப் பேணிகளில் அடைத்துவிட்டேன், வைக்க அலுமாரியில் ஒரு தட்டை இப்போதே வெறுமையாக்கி வை. சத்தியபாமா அன்ரி பிள்ளைக்கு ஒரு சின்னக் கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கியிருக்கிறாள். போன கிழமை மகனுக்குத் தானே முதலில் கடிதம் போட்டாளாம், பதில் வரட்டும் என்று நானும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தின் உறையில் அந்தச் சாராயக்கடையின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதப் போகிறேன், தபாற்கந்தோர்க்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

இருட்டின பிறகு படகின் ஓரத்தில் நடக்காதே, கனமானவற்றைத் தூக்காதே, பாலைக் குடி, வாத்துக்கு ஊற்றாதே. உன்னையும் மருமகனையும் பிறக்கப்போகும் செல்வத்தையும் முருகன் கரையிலும் தண்ணீரிலும் காக்கவேண்டும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன், மறந்துவிடாதே. நான் வந்தால் நாம் இரண்டு பேரும் சண்டை பிடிப்போம், அது நிச்சயம். பிடிக்கும்போது நீ கரையில் இறங்கிப் போகக்கூடாது. நானும் இறங்கமாட்டேன்.

என்றும் உன் மேல் உயிரான,
அம்மா சிவனேஸ்வரி வரதராஜா